பாஸ் மீனுக்குச் செய்த ஜிக் ஹெட்டைப் பொல்கொடையில போடலாமா? எடை, கொக்கி, ரப்பர் கோக்கிற முறை

கரையோரத்தான் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு பொல்கொடை ஏரியில நடந்த ஒரு விசயத்தைச் சொல்லி விளக்கம் கேக்கலாம் எண்டு எழுதுறன்.

டொரன்டோவில இருக்கிற அத்தான் லீவில வரேக்க ஒரு சின்னப் பெட்டி ஜிக் ஹெட் (கொக்கியோட சேர்த்து வார்த்த ஈயத் தலை) கொண்டுவந்து தந்தவர். அங்க பாஸ் மீனுக்குப் போடுறது. காளான் மாதிரித் தலை, பின்பக்கம் தட்டை. பாதி 1/16 அவுன்ஸ், பாதி 1/10 அவுன்ஸ். அதோட ரெண்டரை அங்குல நீளத்தில ரப்பர் புழு ரெண்டு பக்கெட். ஃபினெஸ் எண்டு சொல்லி, மெல்லிய லைன், சின்ன இரை, மெதுவா இழுக்கிற முறை இது எண்டு அவர் விளங்கப்படுத்தினவர்.

பாணந்துறைப் பக்கம், கண்டல் வேர் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கிற ஒரு இடம். விடிய ஆறு மணிக்குப் போனன். ஏழடி ரொட், 10 இறாத்தல் பிரெய்ட் (பின்னின லைன்), அதிண்ட நுனியில 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் லீடர் (ஜிக்குக்குக் கிட்டக் கட்டுற துண்டு லைன்). முதல் ஒரு மணித்தியாலம் ஜிக் அடியில தட்டுதா இல்லையா எண்டே தெரியேல்லை. காத்து லைனை வில்லு மாதிரி வளைச்சுக்கொண்டு போகுது. ரப்பர் தண்ணிக்குள்ள பம்பரம் மாதிரிச் சுத்தி, லைன் முழுக்க முறுக்கு. பிறகு ரெண்டு பேத்தை வந்து வாலைக் கடிச்சுக்கொண்டு போட்டுது.

ஏழரை மணிபோல வேருக்குப் பக்கத்தில ஒண்டு பிடிச்சு இழுத்தது. ஒருக்கா மேல வந்து தலையை உதறேக்க வெள்ளியா மினுங்கினது. கொடுவாதான், எனக்குச் சந்தேகமில்லை. டிராக்கை (மீன் இழுக்கேக்க ரீலில இருந்து லைன் ஓடுறதைக் கட்டுப்படுத்துறது) இறுக்கிப் பிடிச்சன், வேருக்குள்ள போகவிடக் கூடாது எண்டு. பத்துச் செக்கன் கூட இல்லை, லைன் தளர்ந்திட்டுது. எடுத்துப் பார்த்தா லீடர் அறேல்லை, முடிச்சு அவிழேல்லை. கொக்கி நிமிர்ந்துபோய்க் கிடக்கு.

அந்த மீன் போனதை விட, ஏன் போனது எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் எனக்கு மனசுக்குள்ள அரிக்குது. இந்த ஜிக் ஹெட் எங்கட தண்ணிக்குச் சரிவராதா? இல்லாட்டி நான் போட்ட விதம் பிழையா?

---

ஒன்ராரியோ_தூண்டில் (டொரன்டோ)

தம்பி, நான் இங்க சிம்கோ ஏரியில ஸ்மோல்மவுத் பாஸ் பிடிக்கிறவன், ஊரில வலிகாமம். உங்கட அத்தான் தந்த சாமான் நல்ல சாமான். ஆனா அது எதுக்குச் செய்த சாமான் எண்டு முதல் விளங்கவேணும்.

காளான் தலையோட சின்ன ரப்பர் கோத்துப் போடுறதை இங்க நெட் ரிக் எண்டு சொல்லுறது. அமெரிக்காவில கன்சாஸ் மாநிலத்தில நெட் கேடி எண்ட மீன்பிடி எழுத்தாளர் இருந்து பரப்பின முறை, பேரும் அவற்ற பேர்தான். அதுக்கும் முந்தி, டென்னசியில சார்லி புரூவர் ஸ்லைடர் எண்டு ஒரு தட்டையான தலையைச் செய்து, எறிஞ்சுபோட்டு ஒண்டும் செய்யாமல் மெதுவாச் சுத்திக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லிக்குடுத்தவர். ரெண்டுக்கும் அடிப்படை ஒண்டு. தெளிஞ்ச தண்ணி, நிறையப் பேர் வந்து எறிஞ்சு எறிஞ்சு பயந்துபோன மீன், பெரிய இரையைக் கண்டா விலகிப் போகும். அப்ப சின்னனா, மெதுவா விழுகிற ஒண்டைப் போட்டா வாயைத் திறக்கும்.

அந்த மீனுக்கு 6, 8 இறாத்தல் லைன். அவ்வளவு மெல்லிய லைனால ஒரு தடிச்ச கொக்கியைத் தாடைக்குள்ள ஏத்த ஏலாது. அதால மெல்லிய கம்பிக் கொக்கி வைக்கினம். ரொட்டை வெட்டி இழுக்கத் தேவையில்லை, லைனை இறுக்கிக்கொண்டு ரொட்டை உயர்த்தினாலே ஏறிடும். பாறையில மாட்டினா இழுக்கக் கொக்கி நிமிர்ந்து ஜிக் திரும்பி வரும், அதுவும் இங்க ஒரு நன்மை. வெளித் தண்ணியில பாஸ் ஓடினா டிராக் ஓடவிட்டுக்கொண்டு நிண்டு பிடிக்கலாம், அவசரம் இல்லை.

நீங்கள் அதைக் கண்டல் வேருக்குள்ள கொடுவாவுக்குப் போட்டு, டிராக்கையும் இறுக்கியிருக்கிறியள். அந்தக் கொக்கியால வேற என்ன செய்ய ஏலும்? உங்கட கை பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். சாமானும் இடமும் பொருந்தேல்லை.

எடை பற்றி ஒண்டு மட்டும் சொல்லுறன். அடி தெரியேல்லை எண்டு சொன்னீங்கள். அடி தெரியாத ஜிக் எவ்வளவு நல்ல ஜிக் எண்டாலும் பிரயோசனம் இல்லை. எறிஞ்சவுடன எண்ணத் தொடங்குங்கோ. லைன் தளர்ந்து நிக்கிற இடத்தில அடி. அடுத்த முறை அதே எண்ணிக்கையில தளரேல்லை எண்டா, ஒண்டில் பள்ளம், இல்லாட்டி மீன் வாயில வைச்சிட்டுது. அப்பிடி எண்ணி அடியை அறியக்கூடிய எடையளுக்குள்ள ஆகக் குறைஞ்சதை எடுங்கோ. காத்து இருந்தா ஒரு படி கூட்டுங்கோ.

---

மட்டக்குளி63 (மட்டக்குளி)

தம்பிமார் இரண்டு பேருக்கும் வணக்கம். நான் ரப்பர் போடுகிறவன் இல்லை. நாற்பது வருசமாகக் களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில் உயிர் இறால் போட்டுப் பிடிக்கிறேன். ஆனால் ஈயம் ஈயம்தான், கொக்கி கொக்கிதான்.

முகத்துவாரத்தில் ஒரே இடத்தில் நின்று ஒரே நாளில் மூன்று எடை மாற்றுவேன். வற்று இழுக்கும்போது ஒன்று, பெருக்கு ஏறும்போது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிற அரை மணித்தியாலத்துக்கு ஆகச் சின்னது. நம்முடைய கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் நீர்மட்டம் ஒரு மீற்றர் கூட மாறாது. அதைப் பார்த்து இழுவை இல்லை என்று நினைக்கக் கூடாது. பெரிய களப்புத் தண்ணீர் ஒரு சின்ன வாயால் போய்வர வேண்டும், அந்த வாயில் இழுவை பலமாக இருக்கும். பாணந்துறையும் அப்படித்தான், பொல்கொடைத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழி அதுதானே. நீ நின்ற நேரம் என்ன ஓட்டம் என்று பார்த்தாயா?

இன்னொரு விசயம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. வாயும் அரம் மாதிரி. 8 இறாத்தல் லீடர் அறாமல் வந்தது உன் அதிர்ஷ்டம். வேர் உள்ள இடத்தில் 20 இறாத்தலுக்குக் குறைந்து நான் கட்ட மாட்டேன், 30 என்றால் இன்னும் நிம்மதி. செம்பல்லியும் அங்கேதான் இருக்கும். அது கடித்த மறுநொடியே வேருக்குள் திரும்பும்.

மெல்லிய சாமானில் பிடிப்பது திறமை என்று பல பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுந்து போனால் வாயில் கொக்கியோடு போவது அந்த உயிர். அரை மணித்தியாலம் இழுத்துக் களைத்துப்போன மீனை விட்டாலும் அது பிழைக்குமோ தெரியாது. மீனை எடுக்கக்கூடிய சாமானோடுதான் மீன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

---

தராசுக்காரன் (கொட்டாஞ்சேனை)

ஐயா சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

எனக்கு வேலை செட்டியார் தெருவில், நகைப் பட்டறை. புறக்கோட்டையில் வாங்கிய 3.5 கிராம் என்று அச்சடித்த ஜிக் ஹெட் பத்தை ஒரு நாள் பட்டறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். ஆகக் குறைந்தது 3.1, ஆகக் கூடியது 4.2. ஒரே பக்கெட்டுக்குள்! எண்ணிக்கொண்டு அடியைப் பிடிக்கிற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம். அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் நிறுத்து, கிராம்படி பிரித்து, சின்ன டப்பாவில் எழுதி வைக்கிறேன். தலையோடு கொக்கியும் சேர்ந்த எடையைத்தான் தராசு காட்டும், தடித்த கொக்கி என்றால் அதுவும் கொஞ்சம் கூட்டும்.

அவுன்ஸ் கணக்கில் தடுமாறுகிறவர்களுக்கு: ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். அதனால் 1/16 என்பது 1.8 கிராம், 1/10 என்பது 2.8, 1/8 என்பது 3.5, 3/16 என்பது 5.3, 1/4 என்பது 7.1. கரையோரத்தானிடம் இருப்பது 1.8 உம் 2.8 உம். நான் பொல்கொடையில் திறந்த பக்கத்தில், காற்று இல்லாத விடியலில் 3.5 போடுவேன். காற்று எழும்பினால் 5.3. ஓட்டம் உள்ள வாய்ப்பக்கம் 7 க்குக் கீழே எனக்கு அடி தெரிந்ததே இல்லை.

டங்ஸ்டன் தலை பற்றியும் யாராவது கேட்பீர்கள். அதே எடைக்கு ஈயத்தின் பருமனில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும், ஏனென்றால் உலோகம் அவ்வளவு அடர்த்தி. சிறிய தலை, வேகமாக இறங்கும். ஈயம் மெத்தென்ற உலோகம், டங்ஸ்டன் கெட்டி. கல்லில் தட்டினால் அந்தத் தட்டு கைக்கு நன்றாக வரும். ஆனால் விலை. வேரில் ஒரு காலைக்கு நாலைந்து அறுகிற இடத்தில் நான் அதைப் போட மாட்டேன்.

---

வாவிமகள் (தெஹிவளை)

எல்லாரும் எடையும் கொக்கியும் கதைக்கிறீங்க, அந்தத் தம்பிட ரப்பர் பம்பரம் மாதிரிச் சுத்தினதைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. எனக்கு ஊர் மட்டக்களப்பு, வாவிக்கரையில வளர்ந்த பிள்ளை. கல்யாணம் முடிச்சுத் தெஹிவளைக்கு வந்து பன்னிரண்டு வருசம். ரப்பர் கோக்கிறதில மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

ரப்பர் சுத்தினா பெரும்பாலும் காரணம் ஒண்டுதான்: நேரா கோக்கல்ல. கோக்க முதல் ஜிக் ஹெட்டை ரப்பருக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்க. தலை ரப்பரின்ட முனையில ஒட்டி நிக்கணும். கொக்கி வளைஞ்சு மேல திரும்புற இடம் ரப்பரில எங்க வருதோ, அங்க பெருவிரல் நகத்தால ஒரு கீறு போடுங்க. அதுதான் முள் வெளிய வர வேண்டிய இடம். கண்மட்டத்தில பார்த்துக் குத்தினா அரை விரல்கடை முன்னப் பின்னப் போகும், அவ்வளவு போதும் சுத்துறதுக்கு.

மறுகா, முனையின்ட நட்டநடுவில முள்ளைக் குத்துங்க. பக்கத்துக்குச் சாயக் கூடாது. ரப்பரைக் கொக்கிட வளைவுக்கு ஏத்த மாதிரி வளைச்சு, பூமாலை கோக்கிற மாதிரி மெல்ல மெல்லத் தள்ளிக்கிட்டு வாங்க. கொக்கியைத் தள்ளாம ரப்பரைத் தள்ளணும். கீறு போட்ட இடத்தில முள் வெளிய வரணும், முதுகுக்கு நேர் நடுவில. கடைசியாத் தலையில ஒட்டுற வரைக்கும் மேல ஏத்துங்க. இப்ப முன்னால பிடிச்சுப் பாருங்க. முதுகில கூன் விழுந்திருந்தா முள் பிந்தி வெளிய வந்திருக்கு. ரப்பர் இழுபட்டு இறுகி நிண்டா முந்தி வந்திருக்கு. இரண்டுக்கும் மருந்து கழட்டித் திரும்பக் கோக்கிறதுதான். அதே ஓட்டையால கோத்தா பிடிக்காது, நுனியில ஒரு துளி வெட்டிட்டுப் புது இடத்தில குத்துங்க.

கோத்த பிறகு கரையோரத் தண்ணியில ஒருக்கா இழுத்துப் பார்க்காம எறியிறதே இல்ல நான். அரை நிமிசம் போகும். போனாப் போகட்டும்.

அந்தக் கனடா ரப்பர் இழுத்தா மிட்டாய் மாதிரி நீளுதா? அப்ப அது வேற சாதி. ஈலாஸ்டெக் எண்டு சொல்லுவாங்க. சாதாரண ரப்பர் தாழும், இது மிதக்கும். அதால காளான் தலை அடியில இருக்க வால் மேல எழும்பி நிக்கும், சின்ன மீன் அடியில தலை குத்தி மேயிற மாதிரி. லேசில கிழியாது, ஆனா தலையில இருந்து வழுக்கி வரும். தலைக்குப் பின்னால சுப்பர் குளூ ஒரு துளி விட்டுப் பத்து எண்ணுங்க. அதை மற்ற ரப்பரோட ஒரே டப்பாவில போட்டிராதீங்க, இரண்டும் சேர்ந்து உருகி ஒட்டிப்போகும். எனக்கு ஒரு பெட்டியே அப்பிடிப் போயிட்டு.

வெயில் பற்றியும் சொல்லணும். கொழும்பு வெயிலில பூட்டின காருக்குள்ள ரப்பரை விட்டா வளைஞ்சு போகும். வளைஞ்ச ரப்பரை எவ்வளவு நேராக் கோத்தாலும் சுத்தும். வந்த பக்கெட்டிலயே நேரா வையுங்க, வீட்டுக்குள்ள.

---

கரையோரத்தான் (வெள்ளவத்தை)

அக்கா, நீங்கள் சொன்னதை வாசிச்சுப்போட்டு இப்பதான் பெட்டியைத் திறந்து பார்த்தன். இழுத்தா நீளுற சாதிதான். நான் கோத்த ரப்பரில முள் ஒரு பக்கத்தால வெளிய வந்திருக்கு. ஒரு மணித்தியாலம் நான் அதை அப்பிடியே எறிஞ்சிருக்கிறன்.

மட்டக்குளி ஐயா, ஓட்டம் பார்க்கேல்லை. நீங்கள் கேட்ட பிறகு யோசிச்சுப் பார்த்தா, மிதந்த இலை எல்லாம் கடல் பக்கம் போய்க்கொண்டு இருந்தது ஞாபகம். வற்று.

இப்ப எனக்கு இருக்கிற கேள்வி, ஜிக் ஹெட்டிண்ட கண். என்னட்ட இருக்கிறதில லைன் கட்டுற கண் தலைக்கு மேல நேரா நிக்குது. கடையில பார்த்த சிலதில முன்பக்கமாச் சரிஞ்சு நிக்குது. இதில ஏதும் இருக்கா?

---

வாவிமகள் (தெஹிவளை)

இருக்கு தம்பி, நல்லா இருக்கு. கண் நேரா மேல நிண்டா, அதாவது 90 பாகை, ரொட்டை உயர்த்தினா ஜிக் நேரா மேல துள்ளும், விட்டா நேராக் கீழ போகும். திறந்த மணலடி, சேற்றடிக்கு அது நல்லம். கண் 60 பாகை, இன்னும் முன்னால 30 பாகை எண்டு சரிய சரிய, மூக்கு முன்னால போய்ப் பின்னால உடம்பு வரும். வேர், பாசி, கட்டை எல்லாத்துக்குள்ளயும் நுழைஞ்சு வரும். 90 பாகைக் கண் வேரில முதல் தட்டிலயே தொங்கும். நீங்க நிண்டது வேர். அப்ப 60 அல்லது அதுக்குக் கீழ.

உருண்டைத் தலை எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் சரிவரும். அம்புத்தலை மாதிரிக் கூரா இருக்கிறது ஓட்டத்தை வெட்டிக்கிட்டுப் போகும், நடுத்தண்ணியில நீந்த வைக்கவும் அதுதான். காளான், திறந்த அடிக்கு.

தியவன்னா வாவியில ஆகாயத்தாமரைக்குப் பக்கத்தில விராலுக்குப் போடுறவங்களுக்கு இதில எதுவும் உதவாது. முள் வெளிய நிக்கிற எதை எறிஞ்சாலும் பாசிதான் வரும். அங்க அகண்ட வளைவுக் கொக்கி வைச்ச தலையை எடுத்து, முனையைத் திரும்ப ரப்பருக்குள்ளயே புதைச்சுப் போடணும். அதைப் பற்றி எழுதினா விடியும், வேற நாளைக்கு எழுதிறன். ஒண்டு மட்டும்: சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போறதைக் கண்டா அந்த இடத்தில எறியாதீங்க. கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அதுகளைப் பிடிச்சா குஞ்சு முழுக்க மற்ற மீனுக்கு இரை.

---

புதுரீல் (வத்தளை)

வணக்கம் அண்ணாமார், அக்கா. நான் தூண்டில் பிடிக்கத் தொடங்கி ஆறு மாசம்தான். ஜிக் ஹெட் வாங்கிக் கட்டாது. அதனால் பழைய பற்றரி ஈயம் எடுத்து, டின்பால் பேணியில் உருக்கி, அச்சில் ஊற்றி நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். அச்சு இணையத்தில் விற்கிறார்கள். வீட்டுக் குசினியில் காஸ் அடுப்பு இருக்கிறது. யாராவது செய்திருக்கிறீர்களா?

---

தராசுக்காரன் (கொட்டாஞ்சேனை)

தம்பி, தயவுசெய்து குசினியில் செய்யாதே. நான் தினமும் உருக்கு வேலை செய்கிறவன், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும், வீட்டு அடுப்பே போதும். சுலபமாக உருகுவதுதான் ஆபத்து, ஏனென்றால் எல்லாரும் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். பேணியிலோ அச்சிலோ ஒரு துளி ஈரம் இருந்தால் அது அந்த நொடியிலேயே ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்துக்கு எறியும். கண் போன ஆளை எனக்குத் தெரியும், அது வேறு உலோகம், ஆனால் காரணம் இதே ஈரம்தான்.

அடுத்தது புகையும் தூசியும். ஈயம் உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது, எலும்பில் தங்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நீ உருக்கிய அடுப்பில்தான் இரவு சோறு வேகப்போகிறது. பற்றரி ஈயம் அதைவிட மோசம், உள்ளே அமிலமும் வேறு நச்சுப் பொருட்களும் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

செய்தே தீர வேண்டுமென்றால் வெளியில், காற்றோட்டத்தில், அதற்கென்றே வைத்த பாத்திரத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, தெரிந்த ஆளோடு. இல்லாவிட்டால் வாங்கு. நானே உனக்கு நிறுத்துப் பிரித்த பத்துத் தலை தருகிறேன், பட்டறைக்கு வா.

வாயால் ஈயத்தைக் கடித்து நசுக்குகிற பழக்கமும் நம் ஆட்களிடம் இருக்கிறது. அதையும் விட வேண்டும்.

---

ஒன்ராரியோ_தூண்டில் (டொரன்டோ)

ஈயம் பற்றிக் கதை வந்ததால சொல்லுறன். இங்க கனடாவில தேசியப் பூங்காக்களுக்குள்ள 50 கிராமுக்குக் குறைஞ்ச ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் பாவிக்கவே ஏலாது. லூன் எண்டு ஒரு நீர்ப்பறவை. இரையை அரைக்கக் கல்லு விழுங்கிற பழக்கம் அதுக்கு இருக்கு, கல்லோட ஈயத்தையும் விழுங்கிச் செத்துப்போகும். இங்கிலாந்தில அன்னங்கள் அப்பிடிச் செத்து, 1987 இல சின்ன ஈயக் குண்டுகளைத் தடை செய்தவை. பொல்கொடையிலயும் தியவன்னாவிலயும் கொக்கும் நீர்க்காகமும் எவ்வளவு நிக்குது! அறுந்த ஜிக்கை எட்டக்கூடிய இடத்தில கண்டா எடுத்துக்கொண்டு வாங்கோ.

மட்டக்குளி ஐயாவுக்கு ஒரு மறுமொழி. நீங்கள் சொன்னதை நான் ரெண்டு நாளா யோசிச்சன். வேருக்குள்ள மெல்லிய சாமான் கூடாது எண்டது சரி, அதில எனக்கு வாதமே இல்லை. ஆனா ஃபினெஸ் எண்டா பலவீனமான சாமான் எண்டு எடுக்க வேண்டாம். இரை சின்னனா இருக்கலாம், எடை குறைஞ்சு இருக்கலாம், மெதுவாக் கீழ போகலாம். கொக்கி மட்டும் தடிச்சதா இருக்கலாம்தானே? 5 கிராம் தலையில தடிச்ச கம்பியில 1/0 அளவுக் கொக்கி வைச்சு வருது, கடல் மீனுக்கு எண்டே செய்யிறது. அதைத் தாடைக்குள்ள ஏத்த 8 இறாத்தல் லைனும் ஈர்க்குக் குச்சி மாதிரி ரொட்டும் காணாது. பிரெய்ட் 20 இறாத்தல், லீடர் 20 அல்லது 30, நடுத்தர ரொட். எடையைக் குறைக்கலாம் தம்பி, கொக்கியைக் குறைக்கக் கூடாது.

டிராக்கை லைன் பலத்தில மூண்டில் ஒண்டுக்கு மேல இறுக்காதேங்கோ. வீட்டிலயே ஒரு தராசுக் கொக்கியில கொழுவி இழுத்துப் பாருங்கோ. 20 இறாத்தல் லைனுக்கு 6 இறாத்தல் இழுவையில ஓடவேணும்.

---

மட்டக்குளி63 (மட்டக்குளி)

இப்போது சரி. அந்தச் சாமானோடு வந்தால் நானும் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்ப்பேன், இறாலை வீட்டில் வைத்துவிட்டு.

லீடரை எப்படிக் கட்டுகிறீர்கள்? பிரெய்ட் வழுக்கும். நான் தங்கூசியோடு வளர்ந்தவன், எனக்கு இந்த முடிச்சு பழக்கம் இல்லை.

---

வாவிமகள் (தெஹிவளை)

ஐயா, பிரெய்டுக்கும் லீடருக்கும் எஃப்ஜி முடிச்சு. பிரெய்டை லீடருக்கு மேல மாறி மாறி இருபது தரம் பின்னி இறுக்கிறது, ரொட் வளையத்துக்குள்ள தடக்காது. கையில காட்டினா அஞ்சு நிமிசம், எழுத்தில சொன்னா ஒரு கிழமை. தெஹிவளைப் பக்கம் வந்தா நான் காட்டுறன்.

ஜிக் ஹெட்டில கட்டுறது வேற கதை. தடிச்ச லீடரை இறுக்கிக் கட்டினா சின்னத் தலை விறைச்சு நிக்கும். 30 இறாத்தல் லீடரில 5 கிராம் தலை கட்டுறதெண்டா வளைய முடிச்சு போட்டு, கண்ணுக்குள்ள ஒரு சின்ன வளையம் விடுங்க, தலை சுதந்திரமா ஆடும். காளான் தலையை மட்டும் இறுக்கிக் கட்டி, முடிச்சைக் கண்ணின்ட மேற்பக்கமா நகர்த்தி வைக்கணும், அப்பதான் ரப்பர் படுத்த மாதிரி நேராத் தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், வேரில தட்டின பிறகும் முடிச்சைப் பார்த்துச் சரிப்படுத்துங்க. ஃபுளோரோகார்பனை இறுக்க முதல் எச்சில் தொட்டு நனைங்க, காய்ஞ்சதை இறுக்கினா சூட்டில பலம் போகும்.

---

புதுரீல் (வத்தளை)

தராசுக்கார அண்ணா, நன்றி. சனிக்கிழமை வருகிறேன். குசினி யோசனையை விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். பாஸ் மீன் இவ்வளவு நல்ல மீன் என்றால் அதையே இங்கே கொண்டுவந்து குளங்களில் விட்டால் என்ன? நுவரெலியாவில் வெள்ளைக்காரர் ட்ரவுட் விட்டார்கள்தானே?

---

ஒன்ராரியோ_தூண்டில் (டொரன்டோ)

வேண்டாம் தம்பி. பாஸ் பிடிக்கிறதில எனக்கு எவ்வளவு ஆசை எண்டாலும் சொல்லுறன், வேண்டாம். ஜப்பானில வெளியில இருந்து கொண்டுவந்து விட்டவை. பிவா ஏரியில 2009 இல பிடிபட்டது, 1932 இல ஜோர்ஜியாவில பிடிபட்ட உலக சாதனை மீனோட சமமா நிக்குது, 22 இறாத்தலுக்கு மேல. அவ்வளவு நல்லா வளர்ந்தது எதைத் தின்னு? அந்த ஏரியின்ர சொந்த மீனைத்தான். இப்ப அங்க பிடிச்ச பாஸைத் திரும்ப ஏரியில விடவே கூடாது எண்டு சட்டம்.

இலங்கையில கேகாலைப் பக்கம் கலாபிட்டமடையில ஒரு ஓடையில இயற்கையா வாழுற ஒரு சின்னக் கெண்டை இருக்கு, பண்டுல பெத்தியா எண்டு சொல்லுவினம். உலகத்தில வேற எங்கயும் இயற்கையா இல்லை. அது மாதிரி மீனுக்குப் பக்கத்தில ஒரு பாஸை நினைச்சுப் பாருங்கோ.

---

தராசுக்காரன் (கொட்டாஞ்சேனை)

கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கொண்டுபோய் ஊற்றிய கத்தி மீனும் அலிகேட்டர் கார் மீனும் ஏற்கெனவே தியவன்னாவில் இருக்கின்றன. அதுவே போதும்.

---

கரையோரத்தான் (வெள்ளவத்தை)

இண்டைக்கு விடியப் போயிட்டு வந்து எழுதுறன்.

பெருக்கு ஏறுற நேரமாப் பார்த்துப் போனன், ஐயா சொன்னபடி முதல் மிதக்கிற இலையைப் பார்த்தன். தண்ணி மெதுவா உள்ள வந்துகொண்டு இருந்தது. 5 கிராம் அம்புத்தலை, 60 பாகைக் கண், தடிச்ச கம்பி 1/0. லீடர் 20 இறாத்தல், வளைய முடிச்சு. ரப்பர் மூண்டரை அங்குலம், நகத்தால கீறு போட்டுக் கோத்தது. முதல் ரெண்டு தரம் கூன் விழுந்தது. மூண்டாம் தரம் நேர். கரையில இழுத்துப் பார்த்தன், சுத்தேல்லை. எறிஞ்சு எண்ணினன், ஏழில அடி. அடுத்ததும் ஏழு. அந்த ஏழை எண்ணேக்க வந்த சந்தோசத்தை எழுத்தில சொல்லத் தெரியேல்லை. தண்ணிக்குள்ள என்ன இருக்கு எண்டு முதல் தரமா எனக்குத் தெரியுது.

வேரில நாலு தரம் தட்டினது, மூண்டு தரம் நுழைஞ்சு வந்திட்டுது, ஒண்டு அறுந்தது. ஏழே கால் மணிக்கு அஞ்சு எண்ணேக்க லைன் தளர்ந்தது. ரொட்டை உயர்த்தினன். கொடுவா, என்ர முழங்கை நீளம் கூட இல்லை. கொக்கி மேல்தாடையின்ர ஓரத்தில, நிமிரேல்லை. கையை நனைச்சுத் தூக்கிக் கொக்கியைக் கழட்டி விட்டன்.

பேத்தை இந்த முறையும் மூண்டு வாலைக் கொண்டு போட்டுது. அதுக்கு மட்டும் ஏதும் வழி இருக்கா அக்கா?

---

வாவிமகள் (தெஹிவளை)

நல்லது செய்தீங்க தம்பி. கொடுவா முதல் ஆணா இருந்து, வளர்ந்த பிறகுதான் பெண்ணா மாறும். முட்டை போடுறது பெரியதுகள். பெரியது வந்தாலும் படம் எடுத்திட்டு விட்டிருங்க.

பேத்தைக்கு வழி இல்ல. ஒரு வால் போனா இடம் மாறுங்க, இருபது அடி போனாலும் போதும், அதுகள் கூட்டமா ஒரு இடத்தில நிக்கிறதுகள். வால் போன ரப்பரை எறியாம கொண்டு வாங்க. பின்பக்கத்தை நேரா வெட்டினா உங்கட அத்தான்ட காளான் தலைக்கு அளவா வரும். அதைக் கண்டலில போடாம, திறந்த பக்கம் பாரைக் குஞ்சுக்கு 8 இறாத்தல் லீடரில போட்டுப் பாருங்க.

வீட்ட வந்தவுடன ஜிக்கை நல்ல தண்ணியில கழுவினீங்களா? ரப்பரையும் கழட்டி வைச்சிருங்க. உப்புத் தண்ணி ஊறின ரப்பருக்குள்ள கொக்கி ஒரு இரவு இருந்தாலே கறள் ஏறும்.

---

கரையோரத்தான் (வெள்ளவத்தை)

இல்லை அக்கா, பையுக்குள்ள அப்பிடியே கிடக்கு. இப்ப எழும்பிப் போய்க் கழுவுறன்.